மனு: தமிழகச் சிறைகளில் உறவினர் சந்திப்பின் சட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சிறையில் இருப்பவரை அவருடைய குடும்பத்தார் சென்று காண்பதைத் தமிழகச் சிறை வழக்கு ‘மனு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. விண்ணப்பத்தின் பெயரே சந்திப்பின் பெயராக நிலைத்துவிட்ட இவ்வழக்கைத் தொடக்கமாகக் கொண்டு, 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் முதல் 2022ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சிறைச் சட்டத்தில் குடும்பம் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. குடும்பம் முதலில் ஐயத்திற்குரிய வெளியாளாகவும், அடுத்து நன்னடத்தைக்குக் கிடைக்கும் சலுகையாகவும், 1979க்குப் பின்னர்ச் சிறைவாசியின் உரிமையைச் சார்ந்து நிற்கும் தரப்பாகவும் சட்டத்தின் பார்வையில் மாறி வந்துள்ளது. ஆயினும், தனக்கென உரிமை கொண்ட தரப்பாக அது இன்னும் ஏற்கப்படவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சிறை வரலாறு, மனு, நேர்காணல், சிறைகள் சட்டம் 1894, சிறை விடுப்பு, குடும்ப உரிமை.

முன்னுரை

சிறையைப் பற்றிய தமிழ்ப் பொதுவழக்கு பெரும்பாலும் உணவைச் சுற்றியே அமைந்துள்ளது. ‘களி தின்னுதல்’ என்றாலே சிறை செல்லுதல் என்று பொருள்படும். இது சிறைக்குள் இருப்பவரின் அனுபவத்திலிருந்து பிறந்த வழக்கு. சிறை வாயிலில் காத்திருப்போரின் அனுபவத்திலிருந்து பிறந்த வழக்கு வேறொன்று உண்டு. அதுவே ‘மனு’. ‘மனு போடுதல்’, ‘மனு பார்த்தல்’, ‘மனு வருதல்’ என்னும் தொடர்கள் சிறைவாசிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் காவலர்களிடமும் ஒருசேர வழங்குகின்றன. ‘இன்று எனக்கு மனு வந்தது’ என்று சிறைவாசி சொன்னால், தாயோ மனைவியோ பிள்ளையோ வந்து பார்த்துச் சென்றனர் என்று பொருள்.

இச்சொல்லாட்சியில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. மனு என்பது கீழிருப்பவர் மேலிருப்பவருக்கு அளிப்பது. அதை ஏற்பதும் மறுப்பதும் மேலிருப்பவரின் விருப்பம். அலுவலக ஏடுகளில் ‘நேர்காணல்’ என்றும் ‘சந்திப்பு’ என்றும் எழுதப்பட்டாலும், மக்கள் தம் வழக்கில் தாளின் பெயரையே சந்திப்புக்கும் வைத்துக்கொண்டனர். அவ்வழக்கு சட்டத்தின் உண்மை நிலையைத் துல்லியமாக உணர்த்துகிறது.

இந்தியச் சிறை வரலாறு பற்றி ஆனந்த் யாங், டேவிட் ஆர்னால்ட் முதலியோர் நிகழ்த்திய ஆய்வுகள் காலனியச் சிறையின் ஒழுங்குமுறை, கைதிகளின் எதிர்ப்பு, சாதி, உணவு, உழைப்பு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. தமிழில் சிறை இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரசியல் கைதிகளின் தன்வரலாறுகளை மையமிட்டவை. எந்த நீதிமன்றமும் தண்டிக்காத, ஆயினும் தண்டனையின் பாரத்தைச் சுமக்கும் குடும்பத்தைச் சட்டம் எவ்வாறு கண்டது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1894ஆம் ஆண்டுச் சட்டம்: இரண்டு பிரிவுகளில் குடும்பம்

சிறைகள் சட்டம் 1894 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பின்னர் அரசியலமைப்பு சிறைகளை மாநிலப் பட்டியலில் வைத்தபோதிலும், தமிழகத்தில் இச்சட்டமே அடித்தளமாகத் தொடர்ந்தது. மாநில அரசின் விதிகள் அதன்மீது எழுந்தன. ஆகவே குடும்பச் சந்திப்பின் வரலாற்றை இச்சட்டத்திலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

சட்டத்தின் ஒன்பதாம் இயல் ‘சிறைவாசிகளைக் காண வருதல்’ பற்றியது. அவ்வியலில் இருப்பவை இரண்டே பிரிவுகள். 40ஆம் பிரிவு, தகுந்த நேரத்தில் தகுந்த கட்டுப்பாடுகளுடன் பார்வையாளரை அனுமதிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அவ்வேற்பாடு உரிமையியல் கைதிகளுக்கும், குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகளுக்கும் மட்டுமே உரியது. தண்டனை பெற்றோரைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை. அவர்தம் குடும்பச் சந்திப்பு அரசு வகுக்கும் விதிகளின் பொறுப்பில் விடப்பட்டது. சட்டத்தில் எழுதப்படுவதற்கும் விதியில் எழுதப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கு முதன்மையானது. முன்னதை மாற்றச் சட்டமன்றம் வேண்டும்; பின்னதை மாற்ற அரசாணை போதும். ஒருவரின் தண்டனை உறுதியாகும் நாளிலேயே அவருடைய குடும்பத்தின் சந்திப்பும் சட்டத்தின் சொல்லிலிருந்து விலகி விதியின் தயவுக்கு மாறிவிடுகிறது.

41ஆம் பிரிவு பார்வையாளரைச் சோதனையிடுவது பற்றியது. சிறை அலுவலர் பார்வையாளரின் பெயரையும் முகவரியையும் கேட்கலாம். ஐயம் தோன்றினால் சோதனையிடலாம். சோதனைக்கு உடன்படாதவரை உள்ளே விட மறுக்கலாம். ஆயினும் சிறைவாசியின் முன்னிலையிலோ பிற பார்வையாளரின் முன்னிலையிலோ சோதனை நடத்தப்படலாகாது என்னும் கட்டுப்பாடும் அப்பிரிவில் உண்டு. வருவோரின் மானத்தைக் கருதிய ஒரே வரி இதுவே எனலாம்.

அடுத்து வரும் 42ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட பொருளைக் கொண்டுசெல்வதை மட்டுமன்றி, விதிக்கு மாறாகச் சிறைவாசியுடன் தொடர்பு கொள்வதையும் தொடர்பு கொள்ள முயல்வதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறையோ 200 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ அதற்குரிய தண்டனை. மதிலுக்கு வெளியே நின்று கணவனை நோக்கிக் குரல் கொடுக்கும் மனைவியும் இச்சொற்களுக்குள் அடங்கக்கூடியவளே.

குடும்பத்தின் கை சிறைக்குள் நீள்வதற்கு இச்சட்டம் விட்டுவைத்த மற்றொரு வழி 31ஆம் பிரிவாகும். விசாரணைக் கைதி தன் சொந்தச் செலவில் உணவு, உடை, படுக்கை முதலியவற்றை வாங்கிக்கொள்ளவோ வெளியிலிருந்து பெறவோ அது இடமளித்தது. வசதியுள்ள குடும்பத்திற்கு இது ஆறுதல். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திற்கோ இது மற்றுமொரு செலவு. வீட்டில் சம்பாதிப்பவர் உள்ளே இருக்க, வெளியே இருப்போர் அவருக்கும் சேர்த்துச் செலவிட வேண்டிய நிலை அன்றே தொடங்கிவிட்டது.

தொலைவு என்னும் தண்டனை

1838இல் அறிக்கை அளித்த சிறை ஒழுங்குக் குழு, பெரிய மத்திய சிறைகளை நிறுவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணமெங்கும் மத்திய சிறைகள் எழுந்தன. கோயம்புத்தூர்ச் சிறை 1872இல் நிறுவப்பட்டது. சேலம், திருச்சிராப்பள்ளி, கடலூர் முதலிய ஊர்களின் சிறைகளும் இக்காலப் பகுதியைச் சேர்ந்தவையே. நிர்வாக நோக்கில் இது சீர்திருத்தம். குடும்பத்தின் நோக்கில் இது தொலைவு. விசாரணைக் காலத்தில் வட்டத் தலைநகரின் கிளைச்சிறையில் இருந்தவர், தண்டனைக்குப் பின் மாவட்டங்கள் கடந்த மத்திய சிறைக்கு மாற்றப்பட்டார். நடந்து சென்று பார்த்த குடும்பம், இரயில் கட்டணத்தைக் கணக்கிட வேண்டியதாயிற்று.

தொலைவின் உச்சம் நாடு கடத்தல் தண்டனை. 1858 முதல் அந்தமானுக்கு அனுப்பப்பட்டோரைப் பொறுத்தவரை சந்திப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. பல்லாண்டு தண்டனைக்குப் பின் சொந்த உழைப்பில் வாழ அனுமதி பெற்றவர், தாய்நாட்டிலிருந்து தம் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்னும் ஏற்பாடு இருந்தது. குடும்பம் சேர வேண்டுமாயின், அதுவும் கடல் கடந்து தண்டனைக் குடியேற்றத்திற்கே செல்ல வேண்டும் என்பது இதன் பொருள்.

இத்தொலைவு ஒரு குடும்பத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கை சான்றாகும். 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்ட அவர், அதே ஆண்டு ஜூலையில் தண்டிக்கப்பட்டார். பாளையங்கோட்டை, கோயம்புத்தூர், கண்ணனூர் எனச் சிறைகள் மாறி, 1912 டிசம்பரில் விடுதலையானார். தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த குடும்பத்திற்குப் பாளையங்கோட்டை அண்மையிலிருந்தது, கோயம்புத்தூர் தொலைவாயிற்று, மலபார்க் கரையின் கண்ணனூர் அதனினும் தொலைவாயிற்று. செல்வாக்குள்ள வழக்கறிஞராக இருந்தவரின் வீடு நான்கரை ஆண்டுகளில் வறுமையில் ஆழ்ந்தது. செய்யுளில் அமைந்த அவருடைய தன்வரலாறு சிறைவாழ்வை உள்ளிருந்து பேசுகிறது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளின் அவ்வாண்டுகள் அத்தகைய நூல் எதையும் பெறவில்லை. தமிழ்ச் சிறை இலக்கியத்தில் குடும்பத்தின் குரல் இல்லாமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

வகுப்பும் சந்திப்பும்

1919–20இல் சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைகள் குழு, சிறையின் நோக்கம் கைதியைத் திருத்துவதும் சமூகத்திற்கு மீளச் சேர்ப்பதும் ஆகும் என்பதை அலுவல்முறையில் வலியுறுத்தியது. திருத்தம் நோக்கமாகும்போது குடும்பத்தின் இடமும் மாறுகிறது. கடிதமும் சந்திப்பும் கைதியின் மனத்தைப் பண்படுத்தும் கருவிகளாகக் கருதப்பட்டன. ஐயத்திற்குரிய வெளியாளாக இருந்த குடும்பம் இப்போது பயனுள்ள வெளியாளாக ஆயிற்று. எனினும் அப்பயன் நன்னடத்தைக்கு ஈடாக வழங்கப்படும் சலுகையாகவே அமைந்தது. கைதி ஒழுங்கு மீறினால் இழப்பது சலுகை. அவ்விழப்பில் பாதி, எந்த ஒழுங்கையும் மீறாத வீட்டாருடையது.

அரசியல் இயக்கங்களின் காலத்தில் கல்வியும் வசதியும் உடையோர் பெருந்தொகையாகச் சிறை புகுந்தனர். இராஜாஜி 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். அந்நாட்களில் அவர் எழுதிய குறிப்புகள் தமிழில் ‘சிறையில் தவம்’ என்னும் பெயரில் வழங்குகின்றன. 1929 செப்டம்பரில் உண்ணாநோன்பிருந்த ஜதீந்திரநாத் தாஸ் லாகூர்ச் சிறையில் உயிர்நீத்ததைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியின் பின்னணியில், 1930இல் அரசு ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்னும் வகுப்புமுறையைக் கொண்டுவந்தது. சமூக நிலை, கல்வி, வாழ்க்கைமுறை ஆகியவை வகுப்பைத் தீர்மானித்தன. உணவு, உடை ஆகியவற்றோடு கடிதங்களும் சந்திப்புகளும் வகுப்புக்கேற்ப வேறுபட்டன.

இவ்வேறுபாட்டைக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும். மேல்வகுப்புக் கைதியின் பிள்ளைகள் தம் தந்தையை அடிக்கடி காணலாம். பெரும்பான்மையோராகிய ‘சி’ வகுப்புக் கைதிகளின் பிள்ளைகள் நெடுநாள் காத்திருக்க வேண்டும். தகப்பனின் படிப்பும் சொத்தும் பிள்ளை அவனைக் காணும் நாட்களின் எண்ணிக்கையை முடிவுசெய்தன. அரசியல் கைதிகளின் போராட்டம் வென்றெடுத்த உரிமை, சாதாரணக் கைதியின் வாசல்வரை வந்துசேரவில்லை. பிற்காலத்தில் தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ போன்ற எழுத்துகள் அச்சாதாரணக் கைதிகளைத் தமிழ் வாசகரின் பார்வைக்குக் கொண்டுவந்தன.

சிறைக்குள் குழந்தை

குடும்பம் வாயிலில் நிற்காமல் சிறைக்குள்ளேயே வாழும் நிலையும் உண்டு. தாயுடன் சிறை புகும் குழந்தை அதற்குச் சான்று. 1930களின் தொடக்கத்தில் வேலூர்ச் சிறையில் இருந்த கடலூர் அஞ்சலை அம்மாள், மகப்பேற்றுக்காக வெளியே அனுப்பப்பட்டு, பின்னர்க் கைக்குழந்தையுடன் சிறைக்குத் திரும்பினார். அம்மகனுக்கு ‘ஜெயில் வீரன்’ என்னும் பெயர் வழங்கியது. விடுதலைப் போரின் பெருமிதத்தில் அப்பெயர் வீரத்தின் அடையாளம். அரசியல் பின்புலம் இல்லாத பெண் கைதியின் குழந்தைக்கோ சிறையில் பிறந்தமை வாழ்நாள் முழுதும் தொடரும் வடு.

அவ்வடுவை நீதித்துறை எதிர்கொண்டது 2006இல்தான். ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாயுடன் இருக்கும் குழந்தைகளைச் சிறைவாசிகளாக நடத்தலாகாது என்றும், ஆறு வயதுவரை தாயுடன் இருக்க அவர்களை அனுமதிக்கலாம் என்றும் கூறியது. உணவு, மருத்துவம், காப்பகம், கல்வி ஆகியவை அவர்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்றும், சிறையிருப்புக் காலத்தில் பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிறை பிறப்பிடமாகக் குறிக்கப்படலாகாது என்றும் நெறிப்படுத்தியது. சிறைவாசியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைத் தனக்கென உரிமையுடைய ஆளாகச் சட்டம் கண்ட அரிய இடம் இது. ஆறு வயது நிரம்பியதும் அக்குழந்தை வெளியேறி, மற்றவர்களைப் போல் மனு போட்டுத் தாயைக் காணும் வரிசைக்கு வந்துவிடுகிறது.

சலுகையிலிருந்து உரிமைக்கு

குடும்பச் சந்திப்பு பற்றிய சட்டப் பார்வை 1979–81 ஆண்டுகளில் திரும்பியது. சுனில் பத்ரா இரண்டாம் வழக்கு, சிறைவாசி ஒருவர் நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. தில்லிச் சிறையில் சக கைதி ஒருவரைக் காவலர் கொடுமைப்படுத்தினார் என்பது அக்கடிதத்தின் செய்தி. காண வரும் உறவினரிடமிருந்து பணம் பறிப்பதே அக்கொடுமையின் நோக்கம் என்று குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. சந்திப்பு சலுகையாக இருக்கும் இடத்தில் அது விலைப்பொருளாகவும் ஆகும் என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. 1979 டிசம்பரில் தீர்ப்பெழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், உறவினரும் நண்பரும் வந்து காண்பது தனிமையில் இருப்போருக்கு ஆறுதல் என்றும், பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டு அது சிறைவாசியின் உரிமை என்றும் நிறுவினார். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1981 ஜனவரியில் வெளிவந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கின் தீர்ப்பு இதனை மேலும் வலுப்படுத்தியது. தடுப்புக்காவலில் இருந்த பெண்ணொருவர் தம் சிறுவயது மகளையும் சகோதரியையும் மாதம் ஒருமுறை மட்டுமே காண அனுமதிக்கப்பட்டார். அக்கட்டுப்பாடு அரசியலமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விசாரணைக் கைதிகளுக்கு வாரம் இருமுறை சந்திப்பு இருக்கும்போது, தண்டிக்கப்படாத ஒருவருக்கு அதனினும் குறைவாக வழங்குவதற்கு நியாயமில்லை என்பது வாதத்தின் கரு. மாண்புடன் வாழும் உரிமையில் குடும்பத்தாரைக் காண்பதும் அடங்கும் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

இவ்விரு தீர்ப்புகளும் உரிமையைச் சிறைவாசியிடம் வைத்தன. காணப்படுவது உள்ளே இருப்பவரின் உரிமை ஆயிற்று. காண வருவது வெளியே இருப்பவரின் உரிமையா என்னும் கேள்வி எழுப்பப்படவே இல்லை. அவ்வழக்கின் சிறுமி தாயின் உரிமையால் பயன்பெற்றாள். தன் உரிமையால் அன்று.

வீட்டின் தேவைகளை எழுதிய விதிகள்

தமிழகச் சிறைச் சட்ட வரலாற்றில் குடும்பத்தின் வாழ்க்கை மிக நெருக்கமாகப் பதிவான ஆவணம், 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளாகும். பொதுமக்கள் ‘பரோல்’ என்று சொல்வதை இவ்விதிகள் ‘விடுப்பு’ என்கின்றன. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என அது இருவகைப்படும்.

அவசர விடுப்புக்குரிய காரணங்கள் இறப்பு, கடும் நோய், திருமணம் ஆகியவை. தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர் என உறவுகள் பெயர்சொல்லி வரையறுக்கப்பட்டுள்ளன. தாய்மாமனும் பாட்டியும் இப்பட்டியலில் இல்லை. வளர்த்தெடுத்த பாட்டியின் இறப்பு சட்டத்தின் கணக்கில் அவசரம் ஆகாது. தமிழ்ச் சமூகத்தின் உறவுமுறைக்கும் விதியின் உறவுமுறைக்கும் இடையிலான இவ்விடைவெளி தனி ஆய்வுக்குரியது.

சாதாரண விடுப்புக்கான காரணங்கள் இன்னும் கருதத்தக்கவை. குடும்பத்தின் பிழைப்புக்கு வழிசெய்தல், பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்த்தல், குடியிருக்கும் வீட்டைக் கட்டுதல் அல்லது பழுதுபார்த்தல், திருமணம் நடத்துதல், குடும்பத் தகராற்றையும் பாகப்பிரிவினையையும் தீர்த்தல், விதைப்பு அறுவடை போன்ற வேளாண் பணிகளைச் செய்தல் என அப்பட்டியல் நீள்கிறது. சிறைச் சட்ட ஆவணங்களில் கூரையும் வயலும் பள்ளிக்கூடமும் இடம்பெறும் இடம் இது. சிறைவாசியை ஒரு வீட்டின் உறுப்பினராக, உழவராக, பெற்றோராக இவ்விதிகள் காண்கின்றன.

எனினும் இங்கும் மனுவின் அமைப்பே தொடர்கிறது. விடுப்பு கோரும் விண்ணப்பத்தின்மீது நன்னடத்தை அலுவலரும் காவல்துறையும் விசாரணை நடத்துகின்றனர். வீட்டின் நிலை, அக்கம்பக்கத்தாரின் கருத்து, பாதிக்கப்பட்ட தரப்பின் அச்சம் ஆகியவை கேட்டறியப்படுகின்றன. பாதிக்கப்பட்டோரின் பாதுகாப்பைக் கருதினால் இவ்விசாரணை தேவையானதே. ஆனால் கேள்விக்கு உள்ளாவது சிறைவாசி மட்டுமன்று, அவருடைய வீடும்தான். விண்ணப்பம் மறுக்கப்படும்போது உயர் நீதிமன்றத்தை நாடி வழக்குத் தொடுப்போர் பெரும்பாலும் தாய்மாரும் மனைவியருமே. வழக்கின் தலைப்பில் மனுதாரர் என அவர்கள் பெயர் இருக்கும். வழக்கின் பொருளோ உள்ளே இருப்பவரின் விடுப்பாக இருக்கும்.

அற்புதம்மாளின் வாழ்க்கை இதன் நீண்ட எடுத்துக்காட்டு. 1991 ஜூனில் கைதான மகன் பேரறிவாளனுக்காக அவர் சிறை வாயில்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடந்தார். 2017 ஆகஸ்டில் தந்தையின் உடல்நலக் குறைவை முன்னிட்டுப் பேரறிவாளனுக்கு முதன்முறையாக விடுப்பு கிடைத்தபோது 26 ஆண்டுகள் கடந்திருந்தன. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கைப் பற்றிய கருத்து எதுவாயினும், எக்குற்றமும் செய்யாத ஒரு தாயின் 31 ஆண்டுகள் எந்தத் தீர்ப்பின் கணக்கிலும் எழுதப்படவில்லை என்பது வரலாற்று ஆய்வாளர் கருத வேண்டிய செய்தியாகும்.

இல்லற வாழ்வு பற்றிய வினாவும் இவ்விதிகளின் வழியே நீதிமன்றம் வந்தது. 2018 ஜனவரியில் பாளையங்கோட்டைச் சிறையின் ஆயுள் கைதி ஒருவருக்கு, மகப்பேறு வேண்டிய மனைவியின் மனுவை ஏற்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இரண்டு வார விடுப்பு அளித்தது. 2022 ஜனவரியில் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு இதனை வரையறைப்படுத்தியது. தாம்பத்திய உறவை மட்டும் காரணமாகக் காட்டி விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்றும், குழந்தையின்மைக்கான சிகிச்சை சிறப்புக் காரணமாகக் கருதப்படலாம் என்றும் கூறியது. இங்கும் எடைபோடப்பட்டது சிறைவாசியின் உரிமையே. குழந்தை வேண்டும் மனைவியின் உரிமை அதன் நிழலில் நின்றது.

வலையும் திரையும்

சந்திப்பு நிகழும் இடமும் இவ்வரலாற்றின் ஆவணமே. இரு கம்பிவலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. இரு புறமும் வரிசையாக மனிதர்கள். ஒருவர் குரலை மற்றவர் குரல் விழுங்கும் இரைச்சல். இதுவே பல்லாண்டுகளாகத் தமிழகச் சிறைகளின் மனு அறை. உரையாடல் குடும்பச் செய்திகளுக்குள் அடங்க வேண்டும் என்பதும், அது அலுவலரின் கண்காணிப்பில் நிகழ வேண்டும் என்பதும் விதி. கடனையும் மகளின் பூப்பையும் தாயின் நோயையும் ஊர் கேட்க உரத்துச் சொல்ல வேண்டிய நிலையில், ‘குடும்பச் செய்தி’ என்பதன் அந்தரங்கம் பொருளிழந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நேரடிச் சந்திப்புகள் நிறுத்தப்பட்டபோது காணொலி அழைப்புகள் தொடங்கின. தொலைவில் வாழும் குடும்பத்திற்கு இது பயணச் செலவைத் தவிர்த்தது. திறன்பேசி இல்லாத குடும்பமோ இவ்வசதிக்கு வெளியே நின்றது. 1894இல் சொந்தச் செலவில் உணவு பெறும் வசதி எவ்வாறு செல்வநிலையைச் சார்ந்திருந்ததோ, அவ்வாறே திரைவழிச் சந்திப்பும் சார்ந்திருந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் புலப்படுகின்றன. 1894ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை பெற்றோரின் குடும்பச் சந்திப்பைத் தன் சொற்களுக்கு வெளியே நிறுத்தியது. வருவோரை முதன்மையாகச் சோதனைக்குரியோராகக் கண்டது. 1919–20க்குப் பிந்தைய சீர்திருத்தச் சிந்தனை குடும்பத்தைத் திருத்தத்தின் கருவியாக ஏற்றது. வகுப்புமுறை அதனைச் சமூக நிலைக்கேற்பப் பங்கிட்டது. 1979–81 தீர்ப்புகள் சந்திப்பை உரிமையாக உயர்த்தின. ஆயினும் அவ்வுரிமையைச் சிறைவாசியிடம் மட்டுமே வைத்தன. தமிழகத்தின் 1982ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் வீட்டின் தேவைகளை விரிவாகப் பெயரிட்டன. எனினும் அவற்றைக் கோருவோரை விண்ணப்பதாரர் நிலையிலேயே நிறுத்தின.

அண்மைக் காலத்தில் ‘கைதி’ என்பது ‘சிறைவாசி’ ஆயிற்று. சிறைத்துறை, ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ ஆயிற்று. பெயர் மாற்றம் பார்வை மாற்றத்தின் அறிகுறி என்பதில் ஐயமில்லை. ஆனால் வாயிலில் நிற்போரின் வழக்கில் ‘மனு’ மாறவில்லை. மகனைக் காணத் தாய்க்கும், தந்தையைக் காணப் பிள்ளைக்கும் உரிய உரிமையை அவர்கள் பெயரிலேயே சட்டம் எழுதும்வரை, அச்சொல் மாற வேண்டிய தேவையும் எழாது. மக்கள் வழக்கு சட்டத்தினும் நேர்மையானது என்பதற்கு இச்சொல்லே சான்று.